கைதிக்குக் கேட்காத இசை

(வாலாஜாபேட்டையில் வாசகர்களும் இசை ஆர்வலர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாலாஜாபேட்டைக்கு வந்து இசையைப் பற்றிப் பேசுகிறவன் முதலில் ஒருவரை வணங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தியாகராஜ சுவாமிகளிடம் நேரில் பாடம் கேட்ட வேங்கடரமண பாகவதர் (1781–1874) அய்யம்பேட்டையிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்தவர். குருநாதரின் கீர்த்தனைகளை அவர் எழுதி வைத்தார். அவருக்குப் பிறகு அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதர் அந்தப் பணியைத் தொடர்ந்தார். அந்தச் சுவடிகள் இன்று மதுரை சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜர் பாட்டில் பாடபேதம் வந்தால் 'வாலாஜாபேட்டைச் சுவடியில் எப்படி இருக்கிறது?' என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் தேடிப் பார்க்கிறார்கள். பாடிய கணத்திலேயே காற்றோடு போய்விடும் ஒன்றைத் தாளில் பிடித்து வைத்த ஊர் இது.

சினிமாவின் பின்னணி இசையும் தாளில்தான் தொடங்கியது. பிலிம் காலத்து ஆர்.ஆர்., அதாவது பின்னணி இசைப் பதிவு, எப்படி நடந்தது என்று இங்கே உள்ள இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ரீலை, அதாவது ஏறத்தாழ ஆயிரம் அடி, பதினொரு நிமிடப் படத்தை, திரையில் ஓட்டுவார்கள். பேச்சு இருக்கும்; இசை இருக்காது. இசையமைப்பாளர் பார்த்துக்கொண்டே குறிப்பெடுப்பார். எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் கை வைக்கவே கூடாது என்று முடிவு செய்வார். பிறகு உட்கார்ந்து வயலினுக்கு ஒன்று, செல்லோவுக்கு ஒன்று, புல்லாங்குழலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதுவார். அதைப் பிரதியெடுத்து வாத்தியக்காரர்களுக்குக் கொடுப்பார்கள். ரீல் மறுபடி ஓடும்; எல்லாரும் சேர்ந்து வாசிப்பார்கள். இளையராஜா இப்படி எழுதும் வேகத்தைப் பற்றித் திரையுலகில் எல்லாரும் வியந்து பேசுவார்கள். எனக்கு அந்த வேகத்தைவிட முக்கியம், அவர் கை வைக்காமல் விட்ட இடங்கள். இன்றைக்கு நான் பேச வந்திருப்பது அந்த இடங்களைப் பற்றியும்தான்.

தலைப்பு, சிறைப் படங்களில் பின்னணி இசை. இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஊர்க் காரணமும் உண்டு. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தொரப்பாடியில் வேலூர் மத்திய சிறை இருக்கிறது. ராஜாஜி 1921 டிசம்பர் முதல் 1922 மார்ச் வரை அங்கே இருந்து நாட்குறிப்பு எழுதினார். காமராஜர் அந்தச் சிறையில் இருந்தபோதுதான் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறை அலுவலர்களுக்குப் பயிற்சி தரும் நிறுவனமும் 1979 முதல் வேலூரிலேயே நடக்கிறது. காவலர்கள் போடும் பூட்ஸைத் தைக்கும் தொழிற்கூடமும் அந்தச் சிறைக்குள் இருக்கிறது. ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் தோல் பதனிடுகிற, ஷூ தைக்கிற குடும்பங்கள் இங்கே நிறைய வந்திருக்கிறீர்கள். நீங்கள் வெளியே செய்கிற அதே வேலையை மதிலுக்கு உள்ளே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். மனு போட்டு உறவினரைப் பார்த்துவிட்டு வந்தவர்களும் இந்தக் கூட்டத்தில் இருக்கக்கூடும். ஆகவே சிறை என்பது நமக்குச் சினிமாவில் மட்டும் வருகிற இடம் அல்ல.

சிறைக்குப் போய்வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதைத்தான் அதிகம் சொல்வார்கள். காலையில் லாக்-அப் திறக்கும் சத்தம், எண்ணிக்கை எடுக்கும் குரல், மணி, சாவிக்கொத்து, இரவில் பாராக்காரரின் நடை. கண்ணுக்கு ஒரே சுவர்தான். பொழுது நகர்வதைக் காதுதான் சொல்லும். அப்படியானால் ஒரு சிறைப் படத்துக்கு இசையமைக்க வருகிறவருக்கு வேலை தொடங்குவதற்கு முன்பே அந்த இடம் ஓசையால் நிரம்பியிருக்கிறது. அவர் அதற்கு மேல் எதைச் சேர்க்கப் போகிறார்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறைக் கொடுமையைக் காட்டுவது ஓசையின் வேலை. இரும்பும் தடியும் செருப்புச் சத்தமும் அதைச் செய்துகொள்ளும். சிறைக்குள் போகும்போது கைதியிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டார்களோ, அவன் வீடு, அவன் ஊர், அவன் வாழ வேண்டிய வருஷங்கள், அவற்றைச் சுமப்பதுதான் இசையின் வேலை. இந்த வேலையைச் செய்த படங்களே நிலைத்திருக்கின்றன.

இதற்கு முதல் சாட்சி 'சிறைச்சாலை'. 1996இல் பிரியதர்ஷன் மலையாளத்தில் எடுத்த 'காலாபானி'யின் தமிழ் வடிவம். மோகன்லால், பிரபு, தபு நடித்தது. ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன், கலை சாபு சிரில். தேசிய விருதுகளில் அந்த இரண்டுக்கும், ஒலிப்பதிவுக்கும், தந்திரக் காட்சிகளுக்கும் பரிசு கிடைத்தது. இசைக்குக் கிடைக்கவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் ஆறவில்லை.

கதை நடக்கும் இடம் அந்தமான் செல்லுலார் சிறை. 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்தார்கள். நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து ஏழு பக்கமாகப் பிரியும் ஏழு கட்டடங்கள், ஒவ்வொன்றும் மூன்று மாடி. ஒரு கட்டடத்தின் முகப்பு அடுத்த கட்டடத்தின் முதுகைத்தான் பார்க்கும். ஆளுக்கு ஒரு தனி அறை. ஒரு கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே போட்ட திட்டம் அது. சுற்றிலும் கடல். செக்கிழுத்து எண்ணெய் எடுக்க வேண்டும். அளவு குறைந்தால் அடி.

இப்படி ஓர் இடத்துக்கு இசை எழுதச் சொன்னால் பெரும்பாலோர் என்ன செய்வார்கள்? கனத்த பித்தளை வாத்தியங்களை முழங்க விடுவார்கள். முரசு அதிரும். இளையராஜாவும் கொடுமைக் காட்சிகளில் இசை போட்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படத்தின் இசை எங்கே குடியிருக்கிறது என்று கேட்டால், அந்தமானில் இல்லை. அது கேரளத்து ஊரில், கதாநாயகனின் மனைவி பார்வதியிடத்தில் இருக்கிறது. மருத்துவரான கோவர்த்தன் செய்யாத குற்றத்துக்காகத் தன் திருமண நாளிலேயே கைதாகிறான். மனைவியோடு அவன் வாழ்ந்தது என்று ஒன்றும் கிடையாது. 'செம்பூவே பூவே' பாட்டை எஸ்.பி.பி.யும் சித்ராவும் பாடியிருக்கிறார்கள். அதை நான் அவனுக்கு வாழக் கிடைக்காத வாழ்க்கையாகவே கேட்கிறேன். தந்தி வாத்தியங்களும் சேர்ந்திசைக் குரல்களும் அதில் எவ்வளவு தாராளமாக விரிகின்றன! ஒவ்வொரு அடியும் அவசரமில்லாமல் மூச்சு இழுத்து முடிகிறது. தனியறைக் கைதிக்கு இல்லாத இடம் அந்தப் பாட்டுக்குள் இருக்கிறது.

அந்த டூயட் படத்தின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று அன்றைக்கே சொன்னவர்கள் உண்டு. விடுதலைப் போராட்டப் படத்துக்குக் காதல் பாட்டு எதற்கு என்று கேட்டார்கள். நான் அதை மறுக்கிறேன். அந்தப் பாட்டை எடுத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். அடியும் உதையும் மட்டும் மிஞ்சும். அடி வாங்குகிறவன் எதை இழந்தான் என்பது தெரியாமல் அவன் மேல் பரிதாபம் மட்டும் வரும். பரிதாபம் பத்து நிமிடத்தில் பழகிப்போகும். அவன் இழந்தது என்ன என்பது நம் காதில் ஒரு மெட்டாகத் தங்கிவிட்டால், பிறகு செக்கின் கிறீச்சொலி கேட்கும்போதெல்லாம் அந்த மெட்டு இல்லாமையே நம்மை வருத்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தக் கதை, பல்லாண்டுகள் கழித்து அந்தமானுக்குத் தேடிப் போகும் ஓர் இளைஞன் வழியாகச் சொல்லப்படுகிறது. பார்வதி ஊரில் காத்திருந்து முதுமை அடைந்துவிட்டாள். காலம் போனதைக் காட்டச் சினிமாவுக்குப் பல வழிகள் உண்டு. தலைக்கு நரை பூசலாம், திரையில் வருஷத்தை எழுதிக் காட்டலாம். இசைக்கு உள்ள வழி வேறு. முன்பு கேட்ட மெட்டு மறுபடி வரும்போது, இடையில் போன வருஷங்களை நாமே உணர்கிறோம். சுரம் அதேதான்; கேட்கிறவன்தான் மாறியிருக்கிறான். சிறைத் தண்டனையின் கனத்தை இதைவிட நேராகச் சொல்லும் வழி எனக்குத் தெரிந்து வேறொன்று இல்லை. பத்து வருஷம் என்பது தீர்ப்பில் ஓர் எண். ஒரு மெட்டு திரும்ப வந்தால்தான் அது ஒருவனின் இளமை என்று தெரிகிறது.

'சிறைச்சாலை'ப் பாடல்களுக்குத் தமிழில் சொல் கொடுத்தவர் அறிவுமதி. மலையாளத்தில் கிரீஷ் புத்தஞ்சேரி எழுதினார். ஒரே மெட்டு இரண்டு மொழியில் வாய்க்குப் பொருந்துவது எளிதல்ல. தமிழில் கேட்கிறவனுக்கு அது இன்னொரு மொழிக்குப் போட்ட மெட்டு என்ற எண்ணமே வராமல் அறிவுமதி எழுதியிருக்கிறார். மலையாளப் பதிப்பு கைவசம் இருப்பவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும்.

அடுத்து 'விருமாண்டி', 2004. கமல்ஹாசன் எழுதி இயக்கினார், இசை இளையராஜா. மரண தண்டனையைப் பற்றிப் படம் எடுக்க வரும் ஒரு பெண் சென்னை மத்திய சிறையில் இரண்டு கைதிகளைச் சந்திக்கிறாள். பசுபதி நடித்த கொத்தாளத் தேவர் ஒரு கதை சொல்கிறார். கமல் நடித்த விருமாண்டி அதே நிகழ்ச்சிகளை வேறு கதையாகச் சொல்கிறான். முதலாமவருக்கு ஆயுள் தண்டனை, இரண்டாமவனுக்குத் தூக்கு. படத்தில் பேச்சை நடிக்கும் இடத்திலேயே பதிவு செய்தார்கள். அதனால் மாட்டுக் கழுத்து மணியும் வாடிவாசல் கூச்சலும் சிறைக் கம்பியும் டப்பிங் கூடத்தில் சேர்த்த சத்தமாக இல்லாமல் அந்தந்த இடத்தின் ஈரத்தோடு கேட்கின்றன.

இங்கே இசையமைப்பாளர் முன்னால் ஒரு கடினமான கேள்வி நிற்கிறது. இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். இசை யாரை நம்ப வேண்டும்? கொத்தாளத் தேவர் சொல்லும் கதையில் விருமாண்டி ஒரு முரடன். அன்னலட்சுமி என்ற பெண்ணை வலுக்கட்டாயமாகத் தூக்கிச் சென்றவன். அந்தக் கதைக்குள் 'உன்னவிட' பாட்டு வரவே முடியாது. அது விருமாண்டி தன் வாயால் சொல்லும் கதையில்தான் வருகிறது. கமலும் ஸ்ரேயா கோஷலும் பாடியது. வயலில் உழைத்த களைப்பும் கிராமத்து இரவும் சேர்ந்த அந்தத் தணிந்த குரலைக் கேட்டபிறகு, இந்த ஆளுக்கு எதற்காகத் தூக்கு என்ற கேள்வியை நம்மால் தள்ளிவிட முடியவில்லை. நீதிமன்றத்தில் சொல்லப்படாத சாட்சியம் அந்தப் பாட்டு. சட்டப் புத்தகத்தில் அதற்கு இடம் கிடையாது. எந்த நீதிபதியும் அதைக் கேட்கவில்லை. நாம் கேட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். குற்றவாளிக்கு இனிய இசை போட்டுக் குற்றத்தை மறைத்துவிடலாமே? கொலையுண்டவனுக்கு யார் பாட்டுப் போடுவது? இது லேசாக ஒதுக்கக்கூடிய கேள்வி அல்ல. இசைக்கு அந்த ஆபத்தான சக்தி உண்டு. கொலைகாரனையும் ஒரு புல்லாங்குழலால் நல்லவனாக்கிவிட முடியும். 'விருமாண்டி'யில் அப்படி நடக்காததற்குக் காரணம், இளையராஜா அந்தப் பாட்டை அவன் வாழ்ந்த நாட்களோடு நிறுத்திக்கொண்டதுதான். வெட்டும் குத்தும் நடக்கும் இடத்தில் அந்த இனிமையைக் கொண்டுவந்து பூசவில்லை. அவன் மனிதன் என்று இசை சொல்கிறது; அவன் செய்தது சரி என்று சொல்லவில்லை. இந்த எல்லை தெரிந்தவர்தான் சிறைப் படத்துக்கு இசை எழுதத் தகுந்தவர்.

'மகாநதி'யைப் பற்றி இரண்டு வார்த்தை. 1994 பொங்கலுக்கு வந்த படம்; இயக்கம் சந்தானபாரதி; வசனத்தில் ரா. கி. ரங்கராஜனுக்கும் பங்கு உண்டு. கும்பகோணம் பக்கத்துக் கிருஷ்ணசாமி சீட்டுக் கம்பெனி மோசடியில் மாட்டிச் சிறைக்குப் போகிறான். 'ஸ்ரீரங்க ரங்கநாதனின்' பாட்டு அதற்கு முந்தைய அவன் வாழ்க்கைக்கு உரியது. காவிரிக் கரை, வீடு, பெண் குழந்தை, பூசை, எல்லாம் அந்தப் பாட்டுக்குள் இருக்கின்றன. அந்த ஆற்றைக் காதில் நிரப்பிக்கொண்டுதான் நாம் அவனோடு சிறைக்குள் இருக்கிறோம். உள்ளே தண்ணீருக்கும் வரிசை. படம் முடியும்வரை அந்தப் பாட்டின் நினைவு நம்மை விடாது. சிறைக் காட்சிக்கு வேண்டிய இசையை இளையராஜா சிறைக்கு வெளியே எழுதி வைத்திருக்கிறார்.

இதுவரை சொன்னவை நமக்கு மட்டும் கேட்கும் இசை. கைதிக்கு அது கேட்காது. கைதிகள் தாங்களே பாடும் பாட்டு வேறு வகை. அதற்கு நம்மிடம் பழைய மரபு உண்டு. 1961இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தில் பாடல்கள் எல்லாம் பாரதியாருடையவை, இசை ஜி. ராமநாதன். படத்தின் நாயகன் வ.உ.சி. 1908இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தவர். 1912 கடைசியில்தான் வெளியே வந்தார். அந்தச் செக்கைச் சிவாஜி இழுப்பதைப் பார்த்த தலைமுறை இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாடே மனப்பாடமாக வைத்திருந்த வரிகளுக்கு மெட்டுப் போடுவது சாதாரணக் காரியமா? ஜி. ராமநாதன் கர்நாடக இசையில் ஊறியவர். நினைத்திருந்தால் சங்கதி மேல் சங்கதி போட்டிருக்கலாம். அவர் அடக்கி வாசித்தார். சொல் ஒவ்வொன்றும் தனித்துக் கேட்கும்படி மெட்டை விலக்கி வைத்தார். திருச்சி லோகநாதனின் கணீரென்ற குரல் மீதியைப் பார்த்துக்கொண்டது.

வி. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்' (1957) தமிழில் எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' (1975) ஆனது. ஆறு கைதிகளைச் சுவர் இல்லாத பண்ணைக்கு அழைத்துப் போய் மனிதர்களாக்கும் சிறை அதிகாரியின் கதை. இந்தியில் வசந்த் தேசாயும் தமிழில் கே. வி. மகாதேவனும் ஆளுக்கு ஒரு பிரார்த்தனைப் பாட்டுப் போட்டார்கள். இரண்டு பாட்டுகளும் படத்தைவிட்டு வெளியேறி மக்கள் வாயில் வாழ்கின்றன. தமிழில் யேசுதாஸ் பாடிய 'ஒன்றே குலமென்று பாடுவோம்' பாட்டைத் தெரியாத ஆசிரியர் நம் பக்கத்தில் உண்டா? சிறைக்காக எழுதிய பாட்டு ஊருக்கே பிரார்த்தனையானது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் கைதிகளின் பாட்டு என்றால் எனக்கு எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது பிமல் ராயின் 'பந்தினி' (1963). இசை எஸ். டி. பர்மன். மூலக்கதை எழுதிய ஜராசந்தர் சிறை அதிகாரியாக வேலை பார்த்தவர். அதனால் அந்தப் பெண்கள் சிறை அட்டையில் செய்ததாக இல்லை. ஒரு காட்சியில் கைதிப் பெண் ஒருத்தி மாவரைக்கும் கல்லைச் சுற்றிக்கொண்டே பாடுகிறாள். குரல் ஆஷா போஸ்லே. கட்டிக்கொடுத்த மகள், இந்த மழைக்காலத்திலாவது அண்ணனை அனுப்பி என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துக்கொள்ளுங்கள் என்று அப்பாவைக் கேட்கும் நாட்டுப்புறப் பாட்டு வகை அது. பாட்டில் சிறை என்ற பேச்சே இல்லை. கல் சுற்றும் வேகம்தான் தாளம். பர்மன் வாத்தியங்களைக் குறைத்துக்கொண்டார். பாடுகிறவள் எந்த அண்ணனும் வந்து அழைத்துப் போக முடியாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதைக் காமெரா காட்டிக்கொண்டிருக்கிறது. ஆடிக்குத் தாய்வீட்டுச் சீரை எதிர்பார்த்து வாசலைப் பார்த்த பெண்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்கு அந்தக் காட்சியை நான் விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் படங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ராபர்ட் பிரெஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இயக்குநர் 1956இல் எடுத்த 'எ மேன் எஸ்கேப்ட்'. ஜெர்மானியர் பிடியில் இருந்த லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து ஓர் அதிகாரி தப்பிய உண்மைக் கதை. படம் முழுக்க ஓசைதான். மாடிப்படிக் கைப்பிடிக் கம்பியில் காவலன் சாவியை உரசிக்கொண்டே போகிறான். தப்பும் இரவில் சரளைக் கல்லில் கால் வைத்தால் சத்தம் வரும். தூரத்தில் ரயில் போகும் நேரம் பார்த்து ஒவ்வோர் அடியாக வைக்கிறான். ஒரு கிறீச்சொலி விடாமல் கேட்கிறது, என்ன என்று அவனுக்கும் தெரியவில்லை, நமக்கும் தெரியவில்லை. பிறகுதான் புரிகிறது, மதிலுக்கு இடையில் காவலன் சைக்கிளில் சுற்றிவருகிறான். இந்தக் காட்சிகளுக்குப் பின்னணி இசை கிடையாது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் வந்து நின்றது நம் வாலாஜா ரோட்டில்தான். ரயில் சத்தத்தை வைத்து நேரம் சொல்லிப் பழகிய ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே பிடிபடும்.

அதே படத்தில் மோட்சார்ட்டின் சி மைனர் மாஸ் சில இடங்களில் மட்டும் வருகிறது. அதுவும் எங்கே? கைதிகள் காலையில் மலச்சட்டியைக் கொட்டுவதற்காக முற்றத்தில் வரிசையாக நடக்கும் காட்சியில். உலகத்தின் மகத்தான தேவாலய இசையைக் கொண்டுபோய் அந்த வரிசையின் மேல் வைத்தார் பிரெஸ்ஸோன். அவரும் போர்க் கைதியாக இருந்தவர். அந்த வேலையைச் செய்யும் மனிதனின் மதிப்பு குறையவில்லை என்று சொல்ல அவருக்கு வசனம் தேவைப்படவில்லை.

இரண்டாவது, உங்களில் பலர் பார்த்திருக்கும் 'ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்', 1994. இசை தாமஸ் நியூமன். அந்த வருஷம் ஆஸ்காருக்கு அவர் பெயர் போனது. பரிசு 'லயன் கிங்' படத்துக்காக ஹான்ஸ் ஸிம்மருக்குக் கிடைத்தது. படத்தில் எல்லாரும் நினைவு வைத்திருக்கும் இசைக் காட்சியில் நியூமனின் இசை ஒரு சுரம்கூட இல்லை. ஆண்டி என்ற கைதி அதிகாரியின் அறைக் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மோட்சார்ட்டின் 'ஃபிகாரோ' ஓபரா இசைத்தட்டைப் போட்டு ஒலிபெருக்கியில் விடுகிறான். இரண்டு பெண் குரல்கள். முற்றத்தில் நூற்றுக்கணக்கான ஆண்கள் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ஸ்டீபன் கிங் எழுதிய மூலக்கதையில் இந்தக் காட்சி கிடையாது. இயக்குநர் ஃபிராங்க் டாராபான்ட் சேர்த்தது. இதில் இசையமைப்பாளரின் பெருமை அவர் ஒதுங்கி நின்றதில் இருக்கிறது. அந்தப் பாட்டு தகரக் குழாய் வழியாகக் கரகரத்து வருகிறது. அதன்மேல் நியூமன் தன் வயலின்களைச் சேர்த்திருந்தால் அது நமக்கான பாட்டாகியிருக்கும். அவர் சேர்க்கவில்லை, அதனால் அது கைதிகளின் சொத்தாகவே இருக்கிறது. அதற்காக ஆண்டி தனிமைச் சிறைக்குப் போகிறான்.

இங்கிருந்து 'விசாரணை'க்கு வருகிறேன். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூர் காவல் நிலையத்தில் தான் பட்டதை 'லாக்கப்' என்று எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2016 பிப்ரவரியில் இங்கே வெளிவந்தது. இசை ஜி. வி. பிரகாஷ் குமார். படத்தில் பாட்டே இல்லை. வேலை தேடி வேற்று மாநிலம் போன பையன்கள், மொழி சரியாகத் தெரியாது, என்ன குற்றச்சாட்டு என்றே சொல்லாமல் அடிக்கிறார்கள். அவர்களுக்கு நினைத்துப் பார்க்க ஒரு கேரளத்து வீடோ காவிரிக் கரையோ படத்தில் காட்டப்படவில்லை. பூங்காவில் படுத்து உறங்கியவர்களுக்கு எந்த ஊரின் மெட்டைக் கொடுப்பது? இசையமைப்பாளர் அடங்கியிருந்ததுதான் சரி. தடி விழும் சத்தத்துக்கும் அலறலுக்கும் நடுவில் நமக்கு ஒளிய இடம் தரவில்லை. இசை வந்திருந்தால் 'இது சினிமா' என்று மனம் ஆறுதல் தேடிக்கொண்டிருக்கும்.

இந்தப் பின்னணியில் இன்று வரும் பல படங்களைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. சிறைக் கதவு திறந்தாலே தியேட்டர் நாற்காலி அதிர்கிறது. கதாநாயகன் களித் தட்டோடு நடந்து வந்தால் அதற்கும் ஒரு பிஜிஎம். கைதி நடக்கிறானா, மந்திரி நடக்கிறாரா என்று கண்ணை மூடிக் கேட்டால் தெரியாது. முகத்தில் இருக்க வேண்டிய பயத்தைச் சப்-வூஃபரிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சுளீரென்று அடி விழும் ஒவ்வொரு தடவையும் இசையும் சேர்ந்து அடித்தால், பார்க்கிறவனுக்கு வலி பழகிவிடுகிறது, கொஞ்ச நேரத்தில் அதை ரசிக்கவும் தொடங்குகிறான். வலியை ரசிக்கப் பழக்குவது கலையின் வேலை ஆகாது. இதற்கு இசையமைப்பாளர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். எந்தக் காட்சியையும் இசை இல்லாமல் விடப் பயப்படும் தயாரிப்பாளரும் இயக்குநரும் அவர்கள் தலைக்கு மேல் நிற்கிறார்கள். ஆனாலும் தாளில் எழுதுகிறவர் அவர்தான். எழுதாமல் விடும் உரிமையும் அவருக்குத்தான் உண்டு.

ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் வேலூரிலும் கைபேசியில் குறும்படம் எடுக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களுக்கு வேலூர் சிறை பக்கத்தில் இருக்கிறது. அதைப் பற்றி ஒரு படம் எடுங்கள். எடுப்பதற்கு முன்னால் அங்கே இருந்துவிட்டு வந்தவர்களிடமும், பணி ஓய்வு பெற்ற வார்டர்களிடமும், மனு பார்க்க வரிசையில் நின்ற தாய்மார்களிடமும் போய் உட்காருங்கள். உள்ளே என்ன பார்த்தீர்கள் என்று கேட்பதோடு, விடியற்காலையில் என்ன கேட்டது, ராத்திரி என்ன கேட்டது, உங்கள் அம்மா பாடிய எந்தப் பாட்டு நினைவுக்கு வந்தது என்றும் கேளுங்கள். சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். முதல் வெட்டை இசையே இல்லாமல் போட்டுப் பாருங்கள். எங்கே அந்த மனிதரின் வீடு தேவைப்படுகிறதோ அங்கே மட்டும் இசையைச் சேருங்கள். எடுத்து முடித்ததும் இந்த ஊரிலேயே திரையிடுவோம்; நானும் வருகிறேன்.